அம்மன் முறுக்குச் சுற்றப் பழகிய வருசம்

ஏழுமடைப்பேரி தெப்பக்குளத்தில் முறுக்கு மிதந்த வருசத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அது மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி உத்திரத்தில் முடிந்தது என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது அதற்குப் பத்து வருசம் முந்தியே ஒரு கல்யாண பஸ்ஸின் கூரையில் தொடங்கிவிட்டது என்பது அப்போது உலகம்மாளுக்குத்தான் தெரியும், அவளோ அந்நாளில் கேட்டாலும் பேசமாட்டாள், கேட்காவிட்டால் பேசவே மாட்டாள்.

முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. துணி துவைக்கப் போன பெண்கள் படித்துறையில் கால் வைத்தபோது தாமரை இலைகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று என்னென்னமோ மிதந்துகொண்டிருந்தன. தையல்காரி செல்லத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள், பிறகு கடித்துப் பார்த்தாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. தண்ணீரில் கிடந்த பண்டம் நனையவில்லை, இப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்ததுபோல் சூடாகக்கூட இருந்தது.

"முறுக்குட்டி!" என்றாள் செல்லத்தாய், வாய் நிறைய மென்றுகொண்டு. "ருசி முறுக்கு ருசிதான். பார்வைக்குத்தான் யாரோ புருசன் மேல உள்ள கோவத்துல மாவைத் தூக்கி எண்ணெயில எறிஞ்ச மாதிரி இருக்கு."

நாலு படி மேலே நின்ற உலகம்மாள் துணிக்கூடையை இறக்கி வைத்தாள். அந்தக் கரிக்கட்டியின் ஒரு ஓரத்தில் வாலைப்போல் நீட்டிக்கொண்டிருந்த மாவு இடப்பக்கமாகத் திருகியிருந்தது. ஊரில் இடது கையால் முறுக்குச் சுற்றுகிறவள் அவள் ஒருத்திதான். தான் பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பதுபோல் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பத்து வருசத்துக்கு முன்னால் அவள் சுட்ட முதல் முறுக்கு அது. அழுக்குத் துணிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து இதே படித்துறையில் அவள் கைவிட்டது அது.

அவள் எதற்காக ஒளித்தாள் என்றால், அவளுடைய கல்யாணத்துக்குத்தான் போகவேண்டும். அந்தப் பக்கத்தில் பெண்ணோடு வரும் சீர்த்தட்டில் எது குறைந்தாலும் மன்னிப்பார்கள், கைமுறுக்கு குறைந்தால் மன்னிக்கமாட்டார்கள். அச்சில் பிழிகிற முறுக்கு அல்ல, விரலால் மாவைத் திருகித் திருகிச் சுற்று மேல் சுற்றாக வைத்து, இருபத்தொரு சுற்று, சாப்பாட்டு இலை அகலம். அது முழுசாக வந்து சேர்ந்தால் குடும்பம் முழுசாக இருக்கும் என்பது நம்பிக்கை. உலகம்மாளின் அப்பா கடன் சொல்லிச் செய்வித்த இருபத்தொரு தட்டு முறுக்கும் பஸ் கூரையில் ஏறி, மூன்று ஆற்றுப் பாலமும் எண்ண முடியாத பள்ளங்களும் தாண்டி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் துணியை விலக்கியபோது, ஒன்றுவிடாமல் நொறுங்கிக் கிடந்தது. "ஏ, உடைஞ்ச சீர்க்காரி வந்துட்டா!" என்று கூட்டத்தில் எவளோ சொன்னாள். மூன்று வருசம் ஊர் அவளை அப்படித்தான் கூப்பிட்டது. வெளியூர்க்காரர்கள் அதுதான் அவள் பெயர் என்றுகூட நினைத்தார்கள்.

அதனால் உலகம்மாள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். தன் பங்குச் சோற்றில் தினம் ஒரு பிடி அரிசி குறைத்துச் சேர்த்தாள். மாமியார் பேச்சியம்மாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முந்தானையை விரித்துப் படுத்ததும், ஈரமாவில் வெண்ணெயும் எள்ளும் போட்டுப் பிசைந்து, வெள்ளைத் துணியில் சுற்றத் தொடங்கினாள், பிள்ளை பிறந்தபின் தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே சுற்றினாள். மாவு ஒரு பொல்லாத சாமான். சுற்றும்போது சரியென்று தலையாட்டும், எண்ணெயில் இறங்கியதும் கட்டுப் பிரிந்து காலை நீட்டிக்கொள்ளும். சிலது வெடிக்கும், சிலது கருகும், சிலது பாதிச் சுற்றில் மனசு மாறி வேறு திக்கில் போகும். வீட்டில் வைத்தால் உடைந்த முறுக்கைப் பார்த்து இன்னும் பேசுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் துணிக்கூடையில் போட்டு மூடிக் குளத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். அந்தக் காலத்தில் தெப்பக்குளத்துக் கெண்டை ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி இருந்ததற்கு ஊர் என்னென்னமோ காரணம் சொன்னது.

மூன்று வருசம் கழித்து நாத்தனார் கல்யாணத்துக்கு முறுக்குக்காரி வராமல்போன அன்று, உலகம்மாள் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து, இருபத்தொரு சுற்றில் இருபத்தொரு முறுக்கு வைத்தாள். ஒன்றுகூட உடையவில்லை. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இது எப்படிளா இவளுக்கு வந்துச்சு?" என்று கேட்டதற்கு, பேச்சியம்மாள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னாள்: "நேத்துவரைக்கும் இவளுக்கு மாவு பிசையக்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனா, சனிக்கிழமை கையில வந்துட்டு. முத்துவடிவு அம்மன் குடுத்த வரம்."

இல்லை என்று சொல்ல உலகம்மாளுக்கு வெட்கம். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய் ஏழு வருசமாக மூடியேதான் இருந்தது. 'உடைஞ்ச சீர்க்காரி' போய் 'வரக்கை உலகம்மா' ஆகிவிட்டாள். கல்யாண வீட்டுக்காரர்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். தொட்ட இடத்தில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் நாற்பது ஐம்பது இருந்தன, ஒருத்தர் கண்ணிலும் அவை பட்டதில்லை.

இப்போது குளம் அத்தனையையும் வரிசை தப்பாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் கரிக்கட்டி. நாலாம் நாள் அரைச் சுற்று. ஏழாம் நாள் ஒரு சுற்று முழுசாக வந்து, வால் மட்டும் நாய்வாலாக நின்றது. ஊர் இரண்டு நாள்தான் ஆச்சரியப்பட்டது. மூன்றாம் நாள் டீக்கடையில் வடை போடுவதை நிறுத்திவிட்டார்கள். சுகாதார ஆபீஸிலிருந்து வந்தவர் இரண்டு தின்று பார்த்து, மூன்றாவதைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குளத்துத் தண்ணீரில் குறையேதும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்த பிள்ளைகள், "ரெண்டாவது சுத்து வந்துதா இல்லையான்னு பாத்துட்டு வந்தேன் சார்" என்றார்கள், சாரும், "வந்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

காரணத்தைக் கோயில் தர்மகர்த்தா குற்றாலிங்கம் கண்டுபிடித்தார். "பங்குனி உத்திரத்துக்கு யாருக்குக் கல்யாணம்? நம்ம அம்மனுக்கு. கல்யாணப் பொண்ணு சீர் செய்யப் பழகுதா. இதுல என்ன அதிசயம் இருக்கு?"

"இடது கையால சுத்தியிருக்கே அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார்.

"வலது கையில கிளி வச்சிருக்கால்ல? பின்னே எந்தக் கையால சுத்துவா, கிளியவா கீழ போடுவா?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊரே படித்துறையில் கூடி அம்மனுக்கு யோசனை சொல்லத் தொடங்கியது. "வெண்ணெயைக் குறை ஆத்தா, அதான் பிரியுது!" என்று குற்றாலிங்கம் கத்தினார். "விரலை நனைச்சுக்கோ ஆத்தா!" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். ஒருநாள் எல்லாமே வெடித்துச் சிதறி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. "பாவம், பிள்ளைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல போலிருக்கு. போகட்டும் ஆத்தா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றார்கள்.

படியின் கோடியில் துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைத்துக்கொண்டு உலகம்மாள் இதையெல்லாம் கேட்டாள். எந்தத் துண்டு எந்த நாளில் உடைந்தது என்று அவளுக்குத் தெரியும். இது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்று உடைந்தது, இது அம்மா செத்துப் பதினாறாம் நாள், இது இனிமேல் மாவைத் தொடுவதில்லை என்று அழுதுவிட்டு மறுநாளே தொட்டது. அன்றைக்கு ஒரு ஆள் 'போகட்டும்' என்று சொல்லவில்லை. இன்றைக்கு ஊரே சொல்கிறது, தனக்கென்று தெரியாமல்.  கேட்கக் கேட்கப் பயமும் பிடித்தது, தெரிந்துவிட்டால் மறுபடியும் அந்தப் பழைய பேர்தானே.

பயந்தவள் அவள் மட்டுமல்ல. பூசாரி அணைஞ்சபெருமாள் என்றால் பொறுமைக்கே பொறுமை சொல்லித்தருகிறவர், முகத்தில் ஒரு சுளிப்பை யாரும் பார்த்ததில்லை, 'பிறவியிலேயே ஞானி' என்று பெயர். அவர் ஒருநாள் உலகம்மாள் பக்கத்துப் படியில் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"தாயி, பண்டம் மட்டுந்தான் மேல வருமா, இல்ல எல்லாமே வருமா?"

"ஏன் சாமி?"

"முப்பது வருசமா தினம் காலையில இந்தக் குளத்துல நாப்பது முங்கு போடுதேன். எல்லாரும் பக்தின்னு நினைக்காவ. ஒவ்வொரு முங்குக்கும் ஒரு கோவத்தை உள்ள அமுக்கிட்டு வாரேன். தேங்கா மூடிக்குச் சண்டை போடுதவன், செருப்போட ஏறுதவன், தட்டுல செல்லாக்காசு போடுதவன். அத்தனையும் இந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கு. அது மிதந்துச்சுன்னா ஊரு தாங்காது, பாத்துக்க."

அவள் பல வருசத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சுற்றுகள் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறின. அப்போதுதான் செல்லத்தாயின் வாய் சும்மா இருக்கமாட்டாமல் அந்தக் கேள்வியைக் கேட்டது. "எனக்கு ஒண்ணு புரியல. அம்மனுக்கே இப்பத்தான் சுத்தத் தெரியுது. பின்னே ஏழு வருசத்துக்கு முந்தி உலகம்மாளுக்கு எங்கேருந்து எடுத்துக் குடுத்தா?"

ஊர் ஒரு பகல் முழுக்க யோசித்தது. பதிலையும் குற்றாலிங்கம்தான் கண்டுபிடித்தார், கண்டுபிடித்துவிட்டுக் கண் கலங்கினார். "தன் கையில இருந்த வித்தையை மொத்தமா இவளுக்குக் குடுத்துட்டா. மிச்சம் ஒண்ணும் வச்சுக்கல. அதான் இப்ப ஆனா ஆவன்னாவுல இருந்து தொடங்குதா."

அப்படியானால் செய்யவேண்டியது ஒன்றுதான். பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் உலகம்மாள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, தொண்டையைச் செருமினார்கள். "தாயி, உன்னைக் கட்டாயப்படுத்தல. கல்யாணப் பொண்ணு சீர் இல்லாம நிக்கக்கூடாதில்லையா? உத்திரத்தன்னைக்குக் காலையில ஊர் முன்னால ரெண்டு கையையும் குளத்துல முக்கி, தந்ததைத் திருப்பித் தந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அப்புறம் மாவைத் தொடக்கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர்கள் சொன்னது அவளுடைய பத்து வருசம். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அவள் புருசன் சங்கரபாண்டி வேலை முடிந்து வந்து விசயத்தைக் கேட்டான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உலகு, கல்யாணமான புதுசுல மூணு வருசம் என் யூனிபாரம் எள்ளு வாசமும் பெருங்காய வாசமும் அடிச்சது. பஸ்ஸுல ஏறுனவன்லாம் பசிக்குதுன்னான். வழியில இறங்கிச் சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போனவன் எத்தனை பேரு தெரியுமா?"

முறம் நின்றது. "அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"துணிக்கூடையில என்ன போகுதுன்னு தெரியாத புருசன் உண்டா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, வெக்கப்படுதான்னு விட்டுட்டேன்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"கையைக் குடுக்கிறதா வாயைத் திறக்கிறதான்னு நீதான் பாக்கணும். எனக்கு உன் கை வேணும்," என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

உத்திரத்தன்று காலை குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் தலைதான் தெரிந்தது. நாயனம், தவில், தட்டுகள். முந்தின நாள் வந்தது இருபது சுற்று, கடைசிச் சுற்றில் ஒரு முடி அளவு விரிசல். 'இன்னும் ஒண்ணுதான் ஆத்தா' என்று சிலர் தூங்காமல்கூட இருந்தார்கள். உலகம்மாள் மஞ்சள் பூசிய கைகளோடு படியிறங்கினாள், தண்ணீரைத் தொடும் கடைசிப் படியில் நின்றாள். நாயனக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் அவள் சொன்னாள்:

"அது அம்மன் சுத்துனது இல்ல. நான் சுத்துனது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தண்ணீர் மேல் போகிற குரல் தூரம் போகும். எதிர்க்கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது. சொல்லத் தொடங்கியபிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பிடி அரிசியைச் சொன்னாள், தொட்டில் கயிற்றைச் சொன்னாள், துணிக்கூடையைச் சொன்னாள். "எனக்கு யாரும் வரம் தரல. தந்திருந்தா இந்தா இப்பவே திருப்பிக் குடுத்திருவேன். உடைச்சு உடைச்சுத்தான் வந்துச்சு. அதை எப்படித் திருப்பிக் குடுக்க?"

 குற்றாலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இத்தனை நாளா நாங்க யாருக்கு யோசனை சொன்னோம்?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"வெண்ணெயைக் குறைன்னு நான் சொன்னது?"

"சரியான யோசனை அண்ணாச்சி. பத்து வருசம் முந்தியே சொல்லியிருந்தா ஒரு மூட்டை மாவு மிச்சம்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஆனால் வேறொரு குரல், அந்தப் பழைய குரல், "அப்ப வரமும் இல்லியா? பொய்யா? உடைஞ்ச சீர்க்காரி புத்தி எங்க போகும்" என்று முனகியது. உலகம்மாளின் தோள் சுருங்கியது. அப்போது கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு பேச்சியம்மாள் வந்தாள்.

"எவட்டி அது? பொய் சொன்னது நான், என்னைக் கேளு. அவ எங்க சொன்னா? மத்தியானம் மத்தியானம் நான் தூங்குனேன்னு நினைச்சியளா? பக்கத்துல சட்டி சடசடங்குது, எள்ளு வெடிக்குது, எவளால தூங்க முடியும்? எந்திரிச்சா பிள்ளை வெக்கப்பட்டு விட்டுருவாளேன்னு மூணு வருசம் கண்ணை மூடிக்கிட்டு முழிச்சுக் கிடந்தேன். முதுகெல்லாம் எறும்பு கடிக்கும், சொறிய முடியாது. கையில வந்த அன்னைக்கு, எத்தனை உடைச்சான்னு இந்த ஊரு எண்ணிறக்கூடாதேன்னு அம்மன் தலையில போட்டேன். வரம் குடுக்க அவளுக்குத் தெரியும்னா, பழி தாங்கவும் தெரியும்."

உலகம்மாள் திரும்பி, "அத்தை" என்றாள். 

"என்ன அத்தை? ஒரு நாளாவது சூடா ஒண்ணு குடுத்தியா? வாசத்தை மட்டும் மோந்துக்கிட்டுக் கிடந்தேன்."

அப்போதுதான் ஊர் சிரித்தது, குளத்துப் புறாக்கள் கோபுரம் வரை எழும்பும்படி சிரித்தது. செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கட்டிலுக்கு அடியில ரெண்டு கையும் ஒரே பக்கம் வச்சுத் தைச்ச ஜாக்கெட்டு ஒரு பெட்டி நிறையக் கிடக்கு. தீபாவளிக்குள்ள அதைக் கொளுத்தணும், இல்லைன்னா அதுவும் எங்கயாவது மிதந்துரும்" என்றாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் தண்ணீரில் ஒரு சின்ன வளையம் விரிந்தது. உலகம்மாளின் காலடியில், மஞ்சள் கரைந்த தண்ணீரை விலக்கிக்கொண்டு, ஒரே ஒரு முறுக்கு மேலே வந்தது. இலை அகலம், பொன் நிறம். பூசாரி குனிந்து இரண்டு கையாலும் எடுத்து எண்ணினார், ஊரும் கூடவே எண்ணியது. இருபத்தொன்று. விரிசல் இல்லை.

"இது எப்போ சுத்துனது தாயி?" என்றார்.

அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின வாரம், தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்த மதியம், சட்டியிலிருந்து எடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையில் போட்டு மூடியது நினைவு வந்தது. எறிந்து எறிந்து பழகிய கை, சரியாக வந்த முதல் முறுக்கையும் சேர்த்து எறிந்திருக்கிறது.

"இது வந்ததே எனக்குத் தெரியாது சாமி," என்றாள்.

அதுதான் அந்த வருசம் அம்மனின் முதல் தட்டில் போனது. மிச்சம் இருபது தட்டுக்கும் கோயில் முற்றத்திலேயே அடுப்பு மூட்டி, வெள்ளைத் துணி விரித்து, உச்சிவெயிலில் ஊர் பார்க்க உலகம்மாளை உட்காரவைத்தார்கள். பேச்சியம்மாள் சட்டிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாள். இத்தனை கண்கள் பார்க்க உலகம்மாள் ஒருநாளும் மாவைத் தொட்டதில்லை.  முதல் முறுக்கு எண்ணெயில் இறங்கியது, ஒரு கணம் யோசித்தது, பிறகு கட்டுப் பிரிந்து காலை நீட்டிக்கொண்டது.

சட்டென்று அவள் இடது கை தன்னால் பின்பக்கம் போய்த் துணிக்கூடையைத் தேடியது. அங்கே கூடை இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அதே நேரம் பார்த்துச் சீர்த்தட்டில் கை வைத்த ஒருவனை, "எடுலே கையை! மானங்கெட்டவனே!" என்று அணைஞ்சபெருமாள் பூசாரி முப்பது வருசத்தில் முதல் தடவையாகக் கத்தினார். ஊர் திகைத்து அவரைப் பார்த்தது, அவரும் திகைத்துக் குளத்தைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் மட்டும் எதையும் பார்க்காமல், பிரிந்த முறுக்கைக் கரண்டியால் அள்ளி, ஊதி ஊதிக் கடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. சூடா இருக்கு," என்றாள்.

முற்றம் முழுக்க நின்ற ஜனம் உலகம்மாள் பக்கம் திரும்பி, பழகிப்போன வாயால், ஒரே குரலில் சொன்னது:

"விரலை நனைச்சுக்கோ ஆத்தா!"

உலகம்மாள் விரலை நனைத்துக்கொண்டாள்.